மேற்கு யன்னல்: திரையா, தட்டியா, காற்றாடியா, ஏசியா?

போன ஜூலையில் ஒரு இரவு, பத்து மணியாக இன்னும் இருபது நிமிடம். வீட்டில் இரண்டு வெப்பமானிகள் வைத்திருக்கிறேன். பல்கணியில் தொங்குவது 24 பாகை காட்டியது. ஹோலில் புத்தகத் தட்டில் இருப்பது 31. கீழே புல்வெளியில் சனம் கதிரை போட்டு இருந்து கதைத்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பதினோராம் மாடியில் நாங்கள் வெந்துகொண்டிருந்தோம்.

வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில், 1970களில் கட்டிய தொடர்மாடி. வாடகை வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு ஹோல், எல்லா யன்னல்களும் மேற்குப் பக்கம். ஏசி கட்டடத்திலேயே கிடையாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும் என்று ரொறன்ரோ நகர விதி சொல்கிறது, அதற்கான ரேடியேற்றர் சுவரடியில் ஒழுங்காக வேலை செய்கிறது. கோடைக்கு ஒரு ஏற்பாடும் இல்லை. குளிரைப் பிடித்து நிறுத்தக் கட்டிய பெட்டி, வெக்கை உள்ளே வந்துவிட்டால் அதையும் வெளியே விடாது.

"கனடாவில் என்ன வெக்கை?" என்று ஊரிலிருந்து, அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து, கேட்பார்கள். ரொறன்ரோ இருக்கும் தெற்கு ஒன்ராரியோவில் வெப்ப எச்சரிக்கை விடுவதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: பகலில் 31 பாகை, இரவிலும் 20க்குக் கீழே இறங்காது, இப்படி இரண்டு நாள். ஊர்க்காரருக்கு இது சாதாரண நாள். ஆனால் ஊரில் அந்த 31 பாகையில் விறாந்தை இருக்கிறது, முற்றத்து வேம்பு இருக்கிறது, வீட்டின் நாலு பக்கமும் யன்னல் இருக்கிறது. இங்கே ஒரு பக்கம் கண்ணாடி, மற்ற மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரும் கொரிடோரும்.

இதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு கோடை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். உள்ளே தடித்த திரை போடுவதா, கண்ணாடியில் படலம் ஒட்டுவதா, பல்கணியில் தட்டி கட்டுவதா, காற்றாடிகளை வாங்கி அடுக்குவதா, அல்லது ஒரேயடியாக ஏசி வாங்கிவிடுவதா? ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் எங்கள் சொந்தக்காரருக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்வது வேறாக இருப்பதற்குக் காரணம், ஆளுக்கு ஆள் யன்னல் பார்க்கும் திசை வேறு. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

வெயில் எங்கிருந்து வருகிறது

யாழ்ப்பாணத்தில் வெயில் தலைக்கு மேலே நிற்கும். அங்கே எதிரி கூரை. ஓட்டுக்குக் கீழே சீலிங் அடிப்பதும், தகரத்துக்கு மேலே கிடுகு போடுவதும் அதற்காகத்தான். இங்கே எனக்கு மேலே கூரையே இல்லை, பன்னிரண்டாம் மாடிக்காரரின் தரைதான் இருக்கிறது. ரொறன்ரோ 43.7 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் மாதம் உச்சியிலும் சூரியன் 70 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். டிசம்பரில் 23 பாகையோடு நின்றுவிடும்.

தெற்கு யன்னலுக்கு இது பெரிய கொடை. மேல்வீட்டுப் பல்கணி ஒன்றரை மீற்றர் வெளியே நீண்டிருக்கிறது என்று வையுங்கள். ஜூன் மத்தியானம் அதன் நிழல் நாலு மீற்றருக்கு மேல் கீழே விழும், தெற்குக் கண்ணாடி முழுக்க நிழலுக்குள். டிசம்பரில் அதே பல்கணியின் நிழல் அறுபத்தைந்து சென்ரிமீற்றர்கூட வராது, வெயில் உள்ளே சோபா வரைக்கும் வரும். கோடையில் நிழலும் குளிரில் வெயிலும் ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கின்றன. ஆகவே தெற்கு பார்த்த வீடு, மேலே பல்கணியும் இருக்கிறது என்றால், ஒரு வெள்ளைத் திரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேண்டியது காற்றோட்டப் பகுதி மட்டும்தான்.

மேற்கு வேறு கதை. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்று இருபதுக்கு. மறைவது ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு. யாழ்ப்பாணத்தில் எந்த மாதமானாலும் ஆறு, ஆறரைக்குச் சூரியன் விழுந்துவிடும், மேற்கு வெயில் ஆறு மணித்தியாலத்தோடு முடிந்துவிடும். இங்கே ஏழரை மணித்தியாலம். அதிலும் பின்னேரம் ஆறரைக்குச் சூரியன் ஏறத்தாழ 24 பாகை உயரத்தில், மேற்கு யன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. டிசம்பர் மத்தியானச் சூரியனின் உயரமும் இதேதான் என்று கவனித்திருப்பீர்கள். மேல்வீட்டுப் பல்கணியால் அதை மறைக்க முடியாது, கண்ணாடியின் மேல் அறுபது எழுபது சென்ரிமீற்றரைத்தான் மறைக்கும்.

எங்கள் பல்கணிக் கதவு மூன்றரை சதுர மீற்றர் கண்ணாடி. தெளிந்த பின்னேரத்தில் அதில் சதுர மீற்றருக்கு 600 வாட்டுக்கு மேல் வெயில் விழும். பழைய இரட்டைக் கண்ணாடி அதில் முக்கால்பங்குக்குக் கிட்ட உள்ளே விட்டுவிடும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 1500 வாட். கடையில் விற்கிற சிறிய மின்ஹீற்றரில் ஏறக்குறைய எல்லாமே 1500 வாட்தான். அதாவது ஜூலை மாதத்தில், பின்னேரம் முழுக்க, ஹோலின் நடுவில் ஒரு ஹீற்றரைப் போட்டுவிட்டு, "ஏன் வெக்கையாக இருக்கிறது" என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உள்ளே போடும் திரை

எல்லோரும் முதலில் செய்வது இது. நாங்களும் செய்தோம். கடையில் "வெளிச்சம் புகாது" என்று எழுதியிருந்த கடும் நீலத் திரை வாங்கினேன், நாலு பக்கமும் இறுக்கிப் போட்டேன். வெளிச்சம் புகவில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு அந்தத் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லுக்கு மேலே கை பிடித்த மாதிரி இருந்தது. திரையைத் தொட்டால் சுட்டது. அந்தச் சூடு எங்கே போகும்? அறைக்குள்தான்.

வெயில் கண்ணாடியைக் கடந்து வரும்போது ஒளியாக வருகிறது. திரையில் பட்டதும் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டைக் கண்ணாடி வந்த வழியே திருப்பி விடுவதில்லை. திரை வெள்ளையாக இருந்தால் ஒரு பங்கு ஒளியை ஒளியாகவே வெளியே தெறிக்க வைக்கும், அதுவரைக்கும் லாபம். கறுப்போ நீலமோ என்றால் அதுவே ஒரு ரேடியேற்றர். அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கும் கணக்கு இப்படி: பின்புறம் வெள்ளைப் பிளாஸ்ரிக் வைத்த நடுத்தர நிறத் திரை, உள்ளே வரும் வெப்பத்தை 33 சதவீதம் குறைக்கும். வெயிலை நன்றாகத் தெறிக்க வைக்கும் பிளைண்டை முழுக்க இறக்கி மூடினால் 45 சதவீதம் வரை. சாதாரண உள்திரையிடம் இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட மாட்டேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். பல்கணி இல்லாத படுக்கையறை யன்னலுக்கு எங்களுக்கு இதைவிட வேறு வழியும் இருக்கவில்லை. நீலத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெள்ளை ரோலர் பிளைண்ட் போட்டோம். கண்ணாடியோடு ஒட்டினாற்போல, யன்னல் சட்டத்துக்குள்ளேயே பொருத்துவது நல்லது. பல கொண்டோக்களில், அதாவது சொந்தமாக வாங்கும் தொடர்மாடி வீடுகளில், வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை நிறம்தான் தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அழகுக்காக வைத்த விதி தற்செயலாகப் பௌதிகத்தோடும் ஒத்துப்போகிறது.

கண்ணாடியில் ஒட்டும் படலம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை செய்யும், ஆனால் குளிர்காலத்திலும் கழற்ற முடியாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்த நாட்டில் சூரிய வெளிச்சம் மருந்து மாதிரி, அதைக் காசு கொடுத்து மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, இரட்டைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் வெப்பத்தை உறிஞ்சும் படலம் ஒட்டினால் கண்ணாடி சமமில்லாமல் சூடேறி வெடிக்கக்கூடும். அலுமினியத் தாளை ரேப் போட்டு ஒட்டுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வாடகை வீட்டில் வெடித்த கண்ணாடிக்கு யார் காசு கட்டுவது என்ற பேச்சு நல்லபடியாக முடிந்து நான் கண்டதில்லை.

வெளியே கட்டும் தட்டி

சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவுகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அங்கே வாடகை வீட்டில்கூட யன்னலுக்கு வெளியே இறக்கும் அடுக்குத் தட்டியோ சுருள் கதவோ அநேகமாகக் கட்டடத்தோடேயே வருகிறது. வெயில் ஏறினால் இறக்குவார்கள், சாய்ந்தால் ஏற்றுவார்கள், அதைப் பற்றி யாரும் யோசிப்பதுகூட இல்லை. நோர்வேயில், 60 பாகை வடக்கில் இருக்கும் ஒஸ்லோவில், யன்னலுக்கு யன்னல் துணிப் பந்தல் தொங்குகிறது. வட அமெரிக்காவிலும் ஏசி வருவதற்கு முன் வீடுகளில் துணிப் பந்தல்கள் சாதாரணம். பிறகு மின்சாரம் மலிந்தது, ஏசி வந்தது, பந்தல் போய்விட்டது.

வெளியே நிறுத்துவதால் என்ன வித்தியாசம்? தட்டி சூடாகும்தான். ஆனால் அந்தச் சூட்டைப் பல்கணிக் காற்று கொண்டுபோகும், கண்ணாடிக்குள் வராது. அதே அமெரிக்கக் கணக்கில், வெளித் துணிப் பந்தல் மேற்கு யன்னலின் வெப்ப வரவை 77 சதவீதம் வரை குறைக்கிறது. உள்ளே 33, 45. வெளியே 77. அதே வெயில், அதே கண்ணாடி. தட்டி கண்ணாடிக்கு எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதுதான் கேள்வி.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள். பல்கணித் தரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே இறுக்கி நிறுத்தும் கம்பங்கள் கிடைக்கின்றன. அப்படி இரண்டை நிறுத்தி, குறுக்கே ஒரு கம்பி கட்டி, அதில் மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டேன். முதல் தட்டி நாலாம் நாள் போய்விட்டது. பதினோராம் மாடிக் காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரவு இடிமழையோடு வந்த காற்றில் தட்டியின் கீழ்நுனி அவிழ்ந்து, விடியும்வரை பல்கணிக் கம்பியில் படார் படார் என்று அடித்தது. நல்ல வேளையாகக் கீழே விழவில்லை. விழுந்து யாருடைய தலையிலாவது பட்டிருந்தால் வெக்கை பற்றிய கவலையே போயிருக்கும்.

இரண்டாவது முறை நிழல்வலை. ஊரில் நாற்றுமேடைக்கு மேலே கட்டுவார்களே, அதே வலைதான், சாம்பல் நிறத்தில். காற்று அதற்குள்ளால் போகும், ஆகவே பாய்மரம் மாதிரி உப்பாது. மேலேயும் கீழேயும், பக்கத்திலும் ஒவ்வொரு முழத்துக்கு ஒரு கட்டு. பல்கணித் தடுப்புக்கு உள்பக்கமாகவே முழுக்க நிற்கிறது. மூங்கிலைப் போல முழு இருட்டு இல்லை, உள்ளே இருந்து தெருவும் தெரிகிறது. கம்பம், வலை, கட்டு எல்லாமாக நூறு டொலரைத் தாண்டவில்லை.

கட்டடப் பொறுப்பாளரிடம் முதலே எழுதிக் கேளுங்கள். நான் கேட்காமல் கட்டி, பிறகு கழற்றச் சொல்லிக் கடிதம் வந்து, பிறகு கேட்டு, பிறகு மறுபடி கட்டினேன். அதில் இரண்டு கிழமை வெயில் வீணாய்ப் போனது.

பச்சைத் தட்டி ஒன்றும் இருக்கிறது. ஜப்பானில் யன்னலுக்கு முன்னால் வலை கட்டிப் பாகல் கொடி ஏற்றுவது கோடைப் பழக்கம், பள்ளிக்கூடங்கள், அரசு அலுவலகங்கள்கூடச் செய்கின்றன. பாகலை எங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஸ்காபரோவில் ஆகஸ்டில் எந்தத் தொடர்மாடியை நிமிர்ந்து பார்த்தாலும் நாலு பல்கணியிலாவது பாகலோ புடலையோ தொங்கும். இலை தன் நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிப்பதால், தட்டியைப் போல அது சூடேறுவதும் இல்லை. குறை ஒன்றுதான். மே கடைசிக்கு முன் கன்றை வெளியே வைத்தால் குளிரில் வாடும், கொடி வலையை மூட ஜூலை முடிந்துவிடும். ஜூன் வெக்கைக்கு அது உதவாது. கறிக்கு உதவும்.

காற்று: எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது

அம்மா எங்களோடு இருக்கிறார். தட்டி கட்டிய முதல் கிழமை, மத்தியானம் யன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்தபோது எல்லாம் விரியத் திறந்திருந்தது. "பட்டப்பகலில யன்னலைப் பூட்டி இருட்டுக்குள்ள இருக்கிறது என்ன பழக்கம் தம்பி? காத்து வரட்டும்" என்றார்.

அம்மா சொன்னது ஊருக்குச் சரி. அங்கே வீட்டுக்குள்ளும் வெளியேயும் வெப்பம் ஏறத்தாழ ஒன்று, காற்று வந்தால் வேர்வை காயும். இங்கே அன்று மத்தியானம் வெளியே 33, தட்டிக்குப் பின்னால் ஹோலில் 26. திறந்தால் உள்ளே வருவது 33. விவாதம் பண்ணிப் பிரயோசனமில்லை என்று இரண்டு வெப்பமானிகளையும் அவரிடமே கொடுத்தேன். எது பெரிய இலக்கமோ அந்தப் பக்கத்துக் காற்று வேண்டாம், அவ்வளவுதான் விதி. இப்போது வீட்டில் யன்னல் அதிகாரி அவர்தான். இந்த விதி மறுபக்கமும் வேலை செய்யும்: தட்டி இல்லாத வீட்டில் மூன்று மணிக்கே உள்ளே 31, வெளியே 28 என்று இருக்கலாம், அப்போது பகல் என்று பார்க்காமல் திறக்க வேண்டியதுதான்.

திறப்பதிலும் ஒரு சிக்கல். உயரக் கட்டடங்களில் பிள்ளைகள் விழாமலிருக்க யன்னல் 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடை வைத்திருக்கிறார்கள். அந்தத் தடையை ஸ்குரூ கழற்றி எடுப்பவர்களைத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். அடுத்தது, எல்லா யன்னலும் ஒரே பக்கம் இருப்பதால் காற்று ஊடுருவிப் போக வழியில்லை. கட்டடக் கலைஞர்கள் வைத்திருக்கும் ஒரு பழைய கணக்கு: ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையில் காற்று, கூரை உயரத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் போகும். எதிரெதிரே திறந்திருந்தால் ஐந்து மடங்கு. எங்கள் குசினி யன்னலிலிருந்து மூன்று மடங்குக்கு அப்பால் இருக்கிறது, அதனால்தான் பருப்புத் தாளித்த வாசம் விடியும்வரை அங்கேயே நிற்கிறது.

வாசல் கதவைக் கொரிடோருக்குத் திறந்துவைத்தால் ஊடுருவும் காற்று கிடைக்குமே என்று தோன்றும். அந்தக் கதவு தீயும் புகையும் பரவாமல் தானாக மூடுவதற்கென்று வைத்தது. அதைக் கட்டை வைத்து நிறுத்துவது அயல்வீட்டாருக்கும் சேர்த்துச் செய்யும் துரோகம்.

மீதி இருப்பது காற்றாடி. யாரும் படுக்காத அறையின் அந்தப் பத்து சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒடுக்கமான நெட்டைக் காற்றாடி ஒன்றை வெளியே ஊதும்படி நிறுத்துங்கள், சுற்றியுள்ள இடைவெளியை மட்டையால் அடையுங்கள். பல்கணிக் கதவை நுளம்பு வலையோடு திறந்துவிடுங்கள். உள்கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். சூட்டுக் காற்று அந்த அறையால் வெளியே போக, குளிர்ந்த காற்று பல்கணியால் உள்ளே வரும். காற்றாடியை உள்ளே ஊதவிடுவதைவிட இது நல்லது என்று எங்கள் வீட்டில் கண்டோம், ஏனென்றால் குளிர்ந்த காற்று வரும் வழியில் நாங்கள் படுத்துக்கொள்ளலாம்.

இதில் எவ்வளவு கிடைக்கும்? மணிக்கு 500 கனமீற்றர் காற்று மாறுகிறது, உள்ளுக்கும் வெளிக்கும் 7 பாகை வித்தியாசம் என்றால், ஏறத்தாழ 1.1 கிலோவாட் வெப்பம் வெளியேறுகிறது. மிகச் சிறிய யன்னல் ஏசி மணிக்கு 5000 பிரிட்டிஷ் வெப்ப அலகு (BTU), அதாவது ஏறத்தாழ 1.5 கிலோவாட். ஐம்பது வாட் காற்றாடி அதற்குக் கிட்ட வருகிறது! ஆனால் வித்தியாசம் இரண்டு பாகையாகச் சுருங்கினால் 330 வாட்தான். எச்சரிக்கை விட்ட நாட்களில், உள்ளே 26, 27 இருக்க இரவும் 23, 24ல் நிற்கும்போது, இந்த வித்தையின் பலம் பாதிக்கு மேல் போய்விடும்.

இன்னொரு கணக்கும் போட்டேன், அதுதான் என் மனதை மாற்றியது. எங்கள் வீடு 60 சதுர மீற்றர். பதினெட்டு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கொங்கிரீட் தளம் என்று வைத்தால் 25 தொன் எடை. அது ஒரு பாகை சூடேற 6 கிலோவாட்-மணி வெப்பம் வேண்டும். தட்டி இல்லாமல் பல்கணிக் கண்ணாடியால் ஒரு பின்னேரம், நாலு மணித்தியாலத்தில் வருவது அதே 6. திருப்பி ஒரு பாகை இறக்க, நல்ல குளிர்ந்த இரவில், காற்றாடி ஐந்தரை மணித்தியாலம் ஓட வேண்டும். படுக்கையறைக் கண்ணாடிகளை இன்னும் கூட்டவில்லை. ஒரு நாளை வெளியேற்றி முடிக்க முதல் அடுத்த நாள் வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் சுவரில் கை வைத்தால் சூடு தெரிவது இதனால்தான். வெயிலை உள்ளே விட்டுவிட்டு இரவில் விரட்டுவது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற கதை. ஓட்டையை அடைத்தபிறகு இறைத்தால் பலன் உண்டு.

மேற்கு யன்னலுக்கு ஒரு அதிர்ஷ்டம், நிழலுக்கும் காற்றுக்கும் சண்டை வராது. ஒன்பது மணிக்கு வெயில் போனதும் வலையைச் சுருட்டிவிட்டுக் காற்றை எடுக்கலாம். கிழக்குக்காரருக்கு விடிய ஐந்தே முக்காலுக்கே வெயில் வந்துவிடும், குளிர்ந்த காற்று எடுக்க வேண்டிய நேரமும் அதுதான். அவர்களுக்கு மூங்கிலைவிடக் காற்றை விடும் வலையே பொருத்தம்.

காற்றோட்டத்தை மட்டும் நம்பியிருப்பதில் இங்கே புதிதாக ஒரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியது. அப்படியான இரவில் யன்னலைத் திறக்க முடியாது. தட்டி அன்றைக்கும் வேலை செய்யும், காற்றாடிக்கு ஓய்வுதான்.

ஏசி

"இவ்வளவு கரைச்சல் எதற்கு, ஒரு ஏசியை வாங்கு" என்பது மச்சானின் கட்சி. அவருடைய கொண்டோவில் ஏசி கட்டடத்தோடு வந்தது. ஆனால் அங்கேயும் ஒரே குழாயில் குளிர்காலத்தில் சுடுநீரும் கோடையில் குளிர்நீரும் ஓடுகிறது, நிர்வாகம் மாற்றும் நாள் வரும்வரை மே மாத வெக்கையிலும் பொறுத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று கிழமை அவரும் எங்கள் ஆள்தான்.

ஏசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2021 ஜூன் கடைசியில் மேற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவை மூடிய வெப்பத்தில் 619 பேர் இறந்தார்கள். மரண விசாரணை அலுவலகத்தின் அறிக்கைப்படி அவர்களில் 98 சதவீதமானவர்கள் வீட்டுக்குள்ளேதான் பாதிக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியே இருந்தவர்கள். பெரும்பாலானவர்களின் வீட்டில் போதிய குளிரூட்டும் வசதி இருக்கவில்லை. காற்றாடியால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. காற்றாடி காற்றைக் குளிர்விப்பதில்லை, வேர்வையைக் காயவைக்கிறது. வயதானவர்களுக்கு வேர்வை குறைவு, அறை 35 பாகையைத் தாண்டினால் காற்றாடி சுடுகாற்றைத்தான் மேலே வீசும். அதனால் அம்மாவின் அறையில் ஏசி வைத்தோம். எழுபது தாண்டியவர், இதய நோயாளி, கைக்குழந்தை யாராவது வீட்டில் இருந்தால், ஒரு அறையிலாவது ஏசி என்பதில் நான் பேரம் பேச மாட்டேன்.

எந்த ஏசி என்பதில் மட்டும் பேரம் உண்டு. யன்னலில் வைப்பது மலிவு, சத்தமும் குறைவு, அதே மின்சாரத்துக்கு அதிகம் குளிரும். ஆனால் 2019ல் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடி யன்னலிலிருந்து ஏசி விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்தபிறகு, பல கட்டடங்கள் அதைத் தடை செய்துவிட்டன. தடை செய்யாத இடத்திலும் கீழே தாங்குசட்டம் இல்லாமல் வைப்பதை நினைக்கவே கூடாது.

அடுத்தது தரையில் நிற்கும் ஏசி. ஒற்றைக் குழாய் வைத்தது அறைக் காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. தள்ளிய காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? வாசல் கதவிடுக்கால், கொரிடோரிலிருந்து வருகிறது. நாங்கள் முதலில் வாங்கியது ஒற்றைக் குழாய். அம்மாவின் அறை குளிர்ந்தது, வீடு முழுக்கப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இரட்டைக் குழாய் எடுத்தோம், அது வெளிக்காற்றை எடுத்து வெளியே விடுகிறது. விலை கூட, ஆனால் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது.

செலவைப் பார்த்தால், ஒன்ராரியோவின் வழமையான நேரக் கட்டணத்தில் கோடை வார நாட்களில் 11 மணி முதல் 5 மணி வரை மின்சாரம் அதிக விலை, இரவு ஏழுக்குப் பிறகு குறைவு. தட்டி இருந்தால் அந்த அதிக விலை மணித்தியாலங்களில் ஏசி அநேகமாக ஓடவே தேவையில்லை. மின்சாரம் வாடகையோடு சேர்ந்த கட்டடங்களில் ஏசிக்குத் தனியாக மாதக் காசு கேட்பார்கள், வாங்க முதல் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியாக நின்றது

ஹோலுக்கு வெளியே நிழல்வலை. படுக்கையறைகளுக்கு உள்ளே வெள்ளைப் பிளைண்ட். இரவில் ஒரு காற்றாடி வெளியே ஊத. அம்மாவின் அறைக்கு மட்டும் இரட்டைக் குழாய் ஏசி. காசில் முக்கால்வாசி அந்த ஏசிக்குப் போனது, வீட்டின் சூட்டில் பெரும்பங்கைக் குறைத்தது நூறு டொலர் வலை. ஒன்றுதான் வாங்க முடியும், வீட்டில் எல்லோரும் திடகாத்திரம், யன்னல் மேற்கு அல்லது கிழக்கு, பல்கணி உண்டு என்றால் வலையை வாங்குங்கள். பல்கணி இல்லை என்றால் வெள்ளைப் பிளைண்டும் காற்றாடியும். வடக்கு பார்த்த வீடு என்றால் காற்றாடி மட்டும் போதும், மீதிக் காசுக்கு மாம்பழம் வாங்கலாம்.

இந்த ஜூலையிலும் வெளியே 24 காட்டிய ஒரு இரவு வந்தது. அதே நேரம், பத்துக்கு இருபது நிமிடம். ஹோலில் 27. குளிர் என்று சொல்ல முடியாது, ஆனால் நித்திரை வரும்.

கட்டடப் பொறுப்பாளரின் அனுமதிக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது: சாம்பல் நிறம் சரி, தடுப்புக்கு வெளியே நீட்டக் கூடாது, ஒக்ரோபர் 15க்குள் கழற்ற வேண்டும். அம்மா அதை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த வலையில பாகல் ஏத்தக் கூடாது எண்டு ஒண்டும் எழுதேல்லைத்தானே?" என்றார். நான்கு கன்றுகள் இப்போது வலையின் பாதி வரைக்கும் ஏறிவிட்டன.